பிரசங்க பீடத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலி

போதகர் வீட்டுக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் என் மிஷின் நிற்கும். சனிக்கிழமை சாயங்காலங்களில் மறுநாள் பிரசங்கத்தை அவர் கூடத்தில் நடந்துகொண்டே சொல்லிப் பார்ப்பார். நான் மிதித்துக்கொண்டே கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை அதையே கோவிலில் இரண்டாவது தரம் கேட்கும்போது, எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், எந்த இடத்தில் கண்ணைத் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். "தையல்காரம்மா என்ன பக்தியாக் கேக்குறாங்க பாருங்க" என்று பக்கத்தில் இருப்பவர்கள் மெச்சுவார்கள். பக்தியாவது மண்ணாங்கட்டியாவது.

ஆனால் குரல் என்றால் அதுதான் குரல். சட்டைக் கழுத்தை ஒரு விரலால் தளர்த்திக்கொள்வார். இரண்டு தரம் கனைப்பார். பிறகு "பிரியமானவர்களே" என்பார். கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகூட நிமிர்ந்து பார்க்கும்.

அந்தக் குரல் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு கரகரத்தது. பிறகு உடைந்தது. பிறகு வெறும் காற்றாகிவிட்டது. தொண்டைக்குள் ஒரு முடிச்சு என்றார் டாக்டர். அறுத்து எடுத்தார்கள். பயப்படும்படியான முடிச்சு இல்லை என்று தெரிந்த அன்று போதகரம்மா, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், என் கடைக்கு வந்து, நான் வெட்டிப் போட்டிருந்த பள்ளிக்கூடச் சீருடைத் துணிமேலேயே உட்கார்ந்து அழுதார். நானும் துணியை உருவாமல் விட்டுவிட்டேன்.

டாக்டர் ஒரு உத்தரவு போட்டு அனுப்பியிருந்தார். அவர் சொல்லும்வரை போதகர் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதலாம். மீறினால் இருக்கிற குரலும் போய்விடும். வீட்டில் ஒரு சிலேட்டு வாங்கினார்கள். அதில் போதகர் எழுதுவார், துடைப்பார், மறுபடி எழுதுவார். சாம்பாருக்கு உப்பு போதவில்லை என்பதைக்கூட மூன்று பத்தியாக எழுதுகிற மனுஷன். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா தன் மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டார்.

"எங்க வச்சேன்னே தெரியலைங்க. அது இல்லாம எனக்கு ஒரு எழுத்தும் தெரியல" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் கடைக்கு வந்து மடியிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எனக்குப் பித்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பார்.

"பாவம்க்கா" என்றேன்.

"என்ன பாவம்? இத்தனை வருஷம் எனக்கும் சேர்த்து அவரே பேசிட்டாரு. இப்ப அவருக்கும் சேர்த்து நான் பேச வேண்டியிருக்கு. எனக்குப் பழக்கமா இருக்கு? வாயெல்லாம் வலிக்குது."

இதெல்லாம் சிரிப்பதற்கு. சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. போதகருக்கு வருஷக் கடைசியில் ஓய்வு. எங்களுடையது சின்னச் சபை. மேலிடத்திலிருந்து மேற்பார்வையாளர் ஐயா ஒருநாள் நேரில் வந்தார். நல்ல மனிதர். சூடான தேநீரைச் சத்தம் வராமல் உறிஞ்சத் தெரிந்தவர். நான் அப்போது தைத்த ஜன்னல் திரையை மாட்டிக்கொண்டிருந்தேன், அதனால் எல்லாம் கேட்டேன். திரை இல்லாவிட்டாலும் சுவர் வழியாகக் கேட்டிருப்பேன்.

"ஐயா, ஒவ்வொரு கூட்டத்துலயும் நீங்க சொல்லுவீங்க, அடுத்த தலைமுறைய உருவாக்கிட்டு இருக்கேன்னு. உங்க இடத்துல நிக்க இந்தச் சபையிலயே ஒருத்தர் இருந்தா, நாங்க படிக்க வச்சு ஆளாக்குறோம். அதுவரைக்கும் யாரையாவது அனுப்பி சபைய நடத்திக்கலாம். அப்படி யாரும் இல்லைன்னா, பக்கத்து ஊர் பெரிய சபையோட சேர்த்துட வேண்டியதுதான். இங்க கதவைப் பூட்டிடுவோம். எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

போதகர் சிலேட்டில் வேகமாக எழுதினார். அவசரத்தில் சாக்பீஸ் உடைந்தது.

அக்கா கண்ணாடி இல்லாமலே வாசித்தார். "இருக்காங்கன்னு எழுதியிருக்காரு."

"அப்ப சரி. நம்ம இளையவங்க ஞாயிறு வருதே, அடுத்த மாசத்துக்கு நானே வந்து உக்காந்து கேக்குறேன்."

இளையவர்கள் ஞாயிறு என்பது எங்கள் சபையின் பழைய வழக்கம். மாதத்தின் கடைசி ஞாயிறு, பிள்ளைகளில் ஒருவர் பீடத்தில் ஏறிப் பிரசங்கம் செய்ய வேண்டும். வேறு எந்தப் போதகர் தன் பீடத்தை இப்படித் தூக்கிக் கொடுப்பார்? இவர் கொடுத்தார். வாரம் முழுக்கப் பிள்ளைகளைத் தன் சமையலறையில் உட்கார்த்தி, அக்கா ஊற்றும் கஞ்சியைக் குடிக்க வைத்து, வரிவரியாகச் சொல்லிக் கொடுப்பார். எத்தனை பானைக் கஞ்சி அந்த வீட்டில் ஊழியத்துக்காகவே கொதித்திருக்கிறது! ஞாயிறு அன்று பீடத்துக்குப் பின்னாலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பேசுகிற பிள்ளை தடுமாறினால் அடுத்த வரியைப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பார். குரல் தாழ்ந்தால் "உரக்க" என்பார். தேவையில்லாமல் நீட்டினால் "போதும், முடி" என்பார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. பிள்ளை சபை நடுவே அவமானப்பட்டுவிடக் கூடாதே என்கிற பதைப்புதான். யாராவது நன்றாகப் பேசிவிட்டால் மனுஷனுக்குக் கண் கலங்கிவிடும்.

அப்படி வளர்ந்தவர்கள் எல்லோரும் எங்கோ போய்விட்டார்கள். ஒருத்தன் கடல் கடந்து போனான். ஒருத்தன் பெரிய ஊரில் கலர் கலராக விளக்கு போட்ட சபை ஒன்றில் இருக்கிறான். இன்னொருத்தன் இன்சூரன்ஸ் விற்கிறான். பண்டிகை நாட்களில் அவர்கள் கூப்பிடுவார்கள் என்று போதகர் போனைக் கையிலேயே வைத்திருப்பார். குளிக்கப் போனால் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவார். சில வருஷம் கூப்பிட்டார்கள், சில வருஷம் இல்லை.

மிச்சம் இருந்தது இரும்புக்கடைக்காரர் மகன். நல்ல பிள்ளை, சபைமேல் உயிரையே வைத்திருப்பவன். ஊரில் அவனைக் குட்டிப் போதகர் என்றுதான் கூப்பிடுவோம். ஆணி நிறுத்துப் போடும்போதும் அவன் குரல் கணீரென்றுதான் இருக்கும்.

ஐயா வருவதற்கு முந்தின மாதத்துக் கடைசி ஞாயிறு அவனுடைய முறை. வழக்கம்போல நாற்காலியில் போதகர். குட்டிப் போதகர் ஏறினான். சட்டைக் கழுத்தை ஒரு விரலால் தளர்த்தினான். இரண்டு தரம் கனைத்தான். "பிரியமானவர்களே" என்றான்.

முன்பெல்லாம் இதை யாரும் கவனித்ததில்லை. இப்போது அசல் குரல் ஊமையாக உட்கார்ந்திருக்க, நகல் முழங்குகிறது. பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது வரிசை வரிசையாகப் பரவியது. பாவம் அந்தப் பையன், தன் பிரசங்கம் நன்றாக எடுபடுகிறது என்று நினைத்து இன்னொரு தரம் கனைத்தான். நானும் சிரித்தேன், அப்புறம் போதகரைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

சாயங்காலம் அக்காவின் ரவிக்கையைக் கொடுக்கப் போனேன். போதகர் சாப்பிடாமல் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தார். சிலேட்டை எடுத்து எங்கள் இருவருக்கும் காட்டினார். என்றைக்கும் பத்தி பத்தியாக எழுதுகிறவர் அன்று ஒரே வரிதான் எழுதியிருந்தார். "அது என் கனைப்பு."

"அவனுக்குச் சளிங்க" என்றார் அக்கா.

அவர் தலையை ஆட்டி, துடைத்துவிட்டு எழுதினார். "போன எல்லாருக்கும் அதே கனைப்பு."

உண்மைதான். அந்த இன்சூரன்ஸ்காரன் எனக்கே ஒரு பாலிசி விற்க வந்தான். கழுத்தைத் தளர்த்தி, கனைத்து, "பிரியமான அக்கா" என்றுதான் ஆரம்பித்தான். அதைச் சொல்லி வைத்தால் மனுஷன் இன்னும் நொந்துபோவார் என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடுவது அபூர்வம்.

இதுவரை நான் சொல்லாமல் விட்ட ஆள் ஒருத்தி இருக்கிறாள். அவர்களுடைய ஒரே மகள். வீட்டில் பாப்பா. ஊருக்கு மைக்கக்கா. பேருந்து நிலையத்தில் அறிவிப்புக் கூண்டில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எப்போது கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிற வேலை. டிரைவர், கண்டக்டர் எல்லோரும் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஊரே அவள் குரலைக் கேட்டு ஓடும், நிற்கும், உட்காரும். ஆனால் கோவிலில் அவள் பாட்டைத் தவிர வேறெதற்கும் வாய் திறப்பதில்லை.

படிப்பு முடித்த புதிதில் ஒரு தரம் பீடத்தில் ஏறினாள். எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, தானாக எதையோ சொல்லத் தொடங்கினாள். தன் சினேகிதி ஒருத்தி வீட்டில் நடந்த ஏதோ ஒன்று. பின்னாலிருந்து போதகர், "அத விடு, அடுத்ததுக்கு வா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் மைக் வாங்கிக்கொண்டது. சபைக்கே கேட்டது. அவள் அப்படியே நின்றாள். திரும்பி அவரைப் பார்த்தாள். இறங்கி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எத்தனையோ தரம் அவர் கூப்பிட்டும் ஏறவில்லை. பிள்ளைக்குக் கூச்சம், வரம் இல்லை, என்று அவரும் விட்டுவிட்டார்.

அந்தக் கனைப்பு ஞாயிற்றுக்குப் பிறகு போதகர் வீட்டில் தங்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே போகிறார் என்று அக்காவுக்கும் தெரியாது. நூலும் பித்தானும் வாங்க நான் பக்கத்து ஊருக்குப் போகவேண்டிய நாளில்தான் கண்டுபிடித்தேன். பேருந்து நிலையத்தில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே இருக்கும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பயணமும் இல்லை, பையும் இல்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கய்யா இங்க?" என்றேன்.

மேலே கையைக் காட்டினார். பிறகு காதைத் தொட்டுக் காட்டினார். என் மகளைக் கேட்க வந்தேன் என்கிறார். ஒரே வீட்டில் இருக்கிற மகள்! எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்றைக்கென்று மழை பேயாய்ப் பெய்தது. ஆற்றுப் பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, வண்டிகள் வராது என்று செய்தி வந்தது. கூரைக்குக் கீழே கூட்டம் நெரிந்தது. நனைந்த மூட்டை, நனைந்த பிள்ளைகள், ஒருவர் காலை ஒருவர் மிதிக்கிறார்கள். யாரோ ஒருவர் ஒரு கண்டக்டரின் சட்டையைப் பிடித்தார். உடனே நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். கை ஓங்கும் நேரத்தில் மேலேயிருந்து குரல் வந்தது.

"ரெண்டாம் மேடையில சட்டையைப் பிடிச்சிருக்கிற அண்ணே, விட்டுடுங்க. பாலத்துல தண்ணி ஏத்தினது அவரில்ல."

கூட்டம் சிரித்தது. பிடித்தவரும் சிரித்துவிட்டுக் கையை எடுத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. வண்டி வருமா வராதான்னு எனக்கும் இப்பத் தெரியாது. தெரிஞ்சதும் முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன், ஒளிக்க மாட்டேன். மாத்திரை போடுற பெரியவங்க, கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க அலுவலகத்துக்குள்ள வந்து உக்காருங்க. உள்ள உக்காந்து தேநீர் குடிச்சிட்டிருக்கிற டிரைவர் அண்ணன்மார் எந்திரிச்சு இடம் விடுங்க, எனக்கு இங்க இருந்து நல்லாத் தெரியுது. தேநீர்க்கடை அண்ணே, சின்னப் பிள்ளைங்களுக்குப் பால் குடுங்க. பிறகு பாத்துக்கலாம்."

இப்படியே மத்தியானம் முழுக்கப் பேசினாள். அம்மாவைத் தொலைத்த ஒரு சின்னப் பெண்ணைக் கூண்டுக்குள் தூக்கி வைத்துக்கொண்டு அதன் வாயாலேயே அதன் பெயரைச் சொல்ல வைத்தாள். அம்மா ஓடி வந்தாள். வண்டி இல்லை என்று உறுதியானதும் அதையும் சொன்னாள். யாரும் கத்தவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன், நடக்க முடிந்தவர்கள் முடியாதவர்களின் மூட்டையைத் தூக்குங்கள் என்றாள். தூக்கினார்கள்! என் கையிலேயே யாருடையதோ ஒரு வாழைப்பழக் கூடை இருந்தது.

அந்தக் குரலில் கனைப்பு இல்லை. கழுத்தைத் தளர்த்துவது இல்லை. "பிரியமானவர்களே" இல்லை. போதகர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் ஈரம். நாங்கள் கூரைக்குக் கீழேதான் இருந்தோம், சாரல் அங்கே அடிக்கவில்லை.

மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. நான் போனேன். ஏதாவது சாக்கு வேண்டுமே என்று அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே போனேன். சமையலறை மேஜையில் அப்பாவும் மகளும் எதிரெதிரே. நடுவில் சிலேட்டு. "இந்த இளையவர்கள் ஞாயிறு நீ பேச வேண்டும்" என்று எழுதியிருந்தது.

"என்னால முடியாதுப்பா."

அவர் எழுதினார். "நேற்று கேட்டேன்."

"அது வேற, இது வேற. அங்க கூண்டுக்குள்ள நான் தனியா இருக்கேன். முன்னால ஜனம், பின்னால சுவர். கோவில்ல ஏறினா எனக்கு முதுகு கூசுதுப்பா. என்ன செய்ய?"

அவருக்குப் புரியவில்லை. பயம் என்று நினைத்துக்கொண்டார். "கற்றுத் தருகிறேன்" என்று எழுதினார். அவள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அழுகைக்குப் பக்கத்தில் இருக்கிற சிரிப்பு.

"பாத்தீங்களா? நேத்து நான் பேசினதைக் கேட்டு அழுதீங்கன்னு அத்தை சொன்னாங்க. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? ராத்திரி அதையே நினைச்சுட்டுப் படுத்திருந்தேன். எங்கப்பா என்னைக் கேட்டாரு, கேட்டாருன்னு. காலையில எந்திரிச்சா கத்துத் தர்றேங்கிறீங்க."

அத்தை என்றது என்னைத்தான். நான் அளவு நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கண்ணாடியை மடியிலிருந்து எடுத்து எல்லோருக்கும் முன்னால் மாட்டிக்கொண்டார். போதகர் கண்ணாடியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ பேசு பாப்பா" என்றார் அக்கா. "உங்கப்பாவுக்காக வேண்டாம். சபைய மூடிடுவாங்கன்னும் வேண்டாம். எனக்காகப் பேசு. நான் இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து கஞ்சி காச்சிருக்கேன். யார் யார் பிள்ளைகளுக்கோ ஊத்தியிருக்கேன். ஏறினாங்க, பேசினாங்க, போயிட்டாங்க. எம் பிள்ளை பேசி ஒரு தரம் கேட்டுட்டா போதும்னு இருக்கு எனக்கு. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்ல இடம் கிடைக்கல."

பாப்பா மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பிறகு அப்படியே, தலையைத் தூக்காமலே, "சரிம்மா" என்றாள்.

அந்த ஞாயிறு மழை விட்டிருந்தது. கோவிலில் உட்கார இடம் இல்லை. பேருந்து நிலையத்திலிருந்து கண்டக்டர்கள்கூட இரண்டு பேர் சீருடையோடு வந்து வாசலோரம் நின்றார்கள். முன்வரிசையில் மேற்பார்வையாளர் ஐயா. பெண் பிள்ளையா பேசப் போகுது என்று முணுமுணுத்த ஒருவரை நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் பாட்டுப் புத்தகத்துக்குள் மறைந்துகொண்டார். பீடத்துக்குப் பின்னால் நாற்காலி. நாற்காலியில் போதகர்.

பாப்பா ஏறினாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். குரல் நன்றாகத்தான் வந்தது. இரண்டு மூன்று வாக்கியம் போனது. பேருந்து நிலையம், மழை, பாலம். அடுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தவள் நின்றாள். கைவிரல்கள் பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன. தோள் இரண்டும் மெல்ல மேலே ஏறுவது என் இடத்திலிருந்து தெரிந்தது. சட்டை தைக்கிறவளுக்குத் தோள் தெரியாதா? முதுகு கூசுது என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் வாய் திறந்தது. பழக்கம் அப்படி. கழுத்து நரம்பு புடைத்தது. ஐயோ பேசிவிடப் போகிறார், இருக்கிற குரலும் போய்விடப் போகிறது என்று அக்கா என் கையை நகம் பதியப் பிடித்தார். அவருக்கு அந்த அடுத்த வரி தெரியும் என்பது முகத்தில் இருந்தது. ஒரு வரியல்ல, பத்து வரி அவரிடம் தயாராக இருந்திருக்கும். மகள் சபை நடுவே வாயடைத்து நிற்கிறாள், எடுத்துக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள். கொடுக்க வேண்டும் என்று அந்த மனுஷனின் உடம்பு முழுக்கத் துடித்தது.

வாயை மூடினார். எழுந்தார். நாற்காலியை ஒரு கையால் தூக்கி, சுவரோரமாகத் திருப்பி வைத்தார். படியில் இறங்கினார். மேற்பார்வையாளர் ஐயாவைத் தாண்டி, ஆண்கள் பக்கத்தைத் தாண்டி, நேராக எங்கள் வரிசைக்கு வந்தார். அக்கா நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டு, நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

இளையவர்களுக்குப் பீடத்தைக் கொடுத்த நாளிலிருந்து, பேசுகிறவர்களின் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். பேசும்போது தன் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அன்று பார்த்தார்.

பாப்பாவின் தோள் இறங்கியது. ஒரு தரம் மூச்சு விட்டாள்.

"நான் வண்டியை வரவைக்க முடியாதுங்க" என்றாள். "என் வேலை சொல்றது மட்டும்தான். வண்டி லேட்டுன்னா ஜனங்க பொறுத்துக்கிறாங்க. வராதுன்னாகூடப் பொறுத்துக்கிறாங்க. யாருமே எதுவுமே சொல்லலைன்னாத்தான் தாங்க முடியல. அப்பத்தான் சட்டையைப் பிடிக்கிறாங்க. இங்க நாம ஆண்டவர் வருவார், வருவார்னு வாரா வாரம் பாடுறோம். நல்லாப் பாடுறோம். வெளியில எத்தனை பேர் எதுக்காகவோ காத்துக்கிட்டு நிக்கிறாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறாங்க. போன் வருமான்னு உக்காந்திருக்காங்க. அவங்க பக்கத்துல போய், எனக்கும் முழுசாத் தெரியாது, ஆனா நானும் உங்ககூட நிக்கிறேன்னு சொல்ல நம்மள்ல யார் போறோம்?"

இன்னும் பேசினாள். கொஞ்சம் தாறுமாறாகத்தான். ஒரு இடத்தில் சொன்னதையே திருப்பிச் சொன்னாள், ஒரு இடத்தில் வசனத்தை மாற்றிச் சொல்லிவிட்டு, "இருங்க, தப்பாச் சொல்லிட்டேன்" என்று திருத்திக்கொண்டாள். போதகரின் உதடு துடித்தது, அவ்வளவுதான். எங்கே சிரிக்க வேண்டும், எங்கே கண்ணைத் துடைக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு முன்கூட்டித் தெரியவில்லை. நன்றாக மாட்டிக்கொண்டேன். முந்தானை முழுக்க நனைந்துபோனது.

ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது மேற்பார்வையாளர் ஐயா சொன்னார். "சபை இருக்கும். வாரம் தவறாம யாரையாவது அனுப்பி வைக்கிறேன். இந்தப் பிள்ளைய இறையியல் படிக்க அனுப்புங்க. தூரம்தான். முடிச்சதும் இங்கேயே அனுப்புவோம்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது ஐயா. எங்க தேவையோ அங்கதான்."

போதகர் தலையை ஆட்டினார். அக்கா, "வேலைய விடணுமா?" என்று மட்டும் கேட்டார். வேலையை அல்ல அவர் கேட்டது. எனக்குத் தெரியும்.

பிறகு நாட்கள் ஓடின. பாப்பாவுக்கு நான்தான் துணி தைத்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டே, தைத்ததையே பிரித்துத் திரும்பத் தைப்பார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வருஷம் முடிந்தால் சபை கொடுத்த அந்த வீட்டையும் அவர்கள் காலி செய்ய வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் யார் வருவார்களோ. கேட்கிற மாதிரி பேசுகிறவர்களாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பாப்பா கிளம்புவதற்கு முந்தின நாள் டாக்டர் போதகருக்கு உத்தரவு கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம். அக்கா அன்று மத்தியானம் முழுக்க வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தார்.

"முதல் வார்த்தையா என்னைக் கூப்பிடுவாருன்னு பாத்தேன். ம்ஹூம். வாயே திறக்கல. சேர்த்து வைக்கிறாரு போல" என்று என்னிடம் வந்து அலுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை எல்லோரும் பேருந்து நிலையத்தில் நின்றோம். ஒலிபெருக்கியில் யாரோ புதுப் பெண், வார்த்தைக்கு வார்த்தை தயங்கி அறிவித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர்கள் வந்து மைக்கக்காவின் பெட்டியைத் தூக்கி வைத்தார்கள். குட்டிப் போதகர் வழிக்கு ரொட்டி கொண்டுவந்திருந்தான். ஏதோ சொல்லத் தொடங்கி, கை கழுத்துக்குப் போய், தானே வெட்கப்பட்டு எடுத்துவிட்டு, "நல்லாப் படிங்கக்கா" என்று சாதாரணமாகச் சொன்னான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பாப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அக்கா கையை உள்ளே விட்டு அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். போதகர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, டாக்டர்தான் பேசலாம்னுட்டாரே. போறதுக்கு முன்னாடி எனக்கு ஏதாவது சொல்லுங்கப்பா. எதுவா இருந்தாலும் சரி."

நான் அவரைப் பார்த்தேன். எப்படி நிற்க வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், யாரிடம் எப்படிப் பழக வேண்டும் என்று சொல்ல அந்த மனுஷனிடம் ஒரு ஆயுசுக்கு இருந்தது. மகள் தூரம் போகிறாள். திரும்பி வந்தாலும் நம் பீடத்துக்கு வருவாள் என்பது நிச்சயமில்லை. ஏங்கி ஏங்கிக் கேட்ட வரம் கைக்கு வந்ததும் அதை வண்டி ஏற்றிவிட வேண்டியிருக்கிறது.

"நீ சொல்லும்மா" என்றார்.

பழைய குரல் இல்லை அது. சொரசொரவென்று, பாதி காற்றாக வந்தது.

"நான் கேக்குறேன்."

பாப்பாவின் முகம் அப்படியே உடைந்து, பிறகு மலர்ந்தது. கம்பியோடு முகத்தை ஒட்டிவைத்துப் பேசத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அவள் நிறுத்தவில்லை. எஞ்சின் சத்தத்தில் எங்கள் யாருக்கும் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் மட்டும் கம்பியை விடாமல், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டே வண்டியோடு வாசல் வரை நடந்தார்.